பொருள் சரி, ஆனால் தமிழாக இல்லை என்கிறார்கள். எதை விட்டுக்கொடுப்பது?

கேள்வி, 2 மார்ச்

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கப் பழகி எட்டு மாதம் ஆகிறது. மூலத்தை ஒட்டி எழுதினால் "தமிழாகவே இல்லை" என்கிறார்கள். வாசிக்க நன்றாக எழுதினால் "மூலத்தில் இப்படி இல்லையே" என்கிறார்கள். துல்லியம் வேண்டுமென்றால் இயல்பைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும் போலிருக்கிறது. சரிதானே?

2 மார்ச், இரவு 9.10

சரியில்லை. துல்லியம் ஒரு முனை, இயல்பு மறுமுனை, நடுவில் கயிற்றில் நாம் என்ற அந்தப் படத்தை முதலில் மனதிலிருந்து அழித்துவிடுங்கள். நானும் அதை ஐந்தாறு வருடம் சுமந்தேன். பதினாறு வருடமாக இதே வேலை எனக்கு, மருத்துவப் படிவங்கள், கருவிக் கையேடுகள், இடையிடையே கதையும் கட்டுரையும். தமிழாக இல்லாத வரி பெரும்பாலும் துல்லியமாகவும் இருப்பதில்லை, நான் பார்த்தவரை.

மருந்து உறையில் வரும் வரி ஒன்றைச் சொல்கிறேன். நான் எழுதியது: "ஒரு மாத்திரையை நாளொன்றுக்கு இரண்டு முறை எடுத்துக்கொள்ளவும்." ஆங்கிலத்தில் இருந்த ஒவ்வொரு சொல்லும் இதில் இருக்கிறது, எதுவும் விடுபடவில்லை, கூடவும் இல்லை. படித்துப் பார்க்கச் சொல்லி ஒரு பெரியவரிடம் கொடுத்தோம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவர் கேட்டார்: "ஒரே மாத்திரைய எப்படிம்மா ரெண்டு தடவ எடுக்கிறது? பாதி பாதியாவா?"

அவர் படித்ததில் பிழையே இல்லை, நான் எழுதிய தமிழ் அதைத்தான் சொல்கிறது. பிறகு மாற்றினோம்: "வேளைக்கு ஒரு மாத்திரை. நாளுக்கு இரண்டு வேளை." ஆங்கிலத்தில் 'வேளை' என்று ஒரு சொல் கிடையாது. இருந்தும் ஆங்கிலம் சொல்ல வந்தது இதுதான். இந்த மாற்றத்தில் துல்லியத்தை விட்டுக்கொடுத்தோமா, இயல்பை விட்டுக்கொடுத்தோமா? இரண்டும் ஒன்றாகத்தான் ஏறின.

2 மார்ச், இரவு 9.35

விட்டுப்போனது ஒன்று. குற்றவாளி அந்த 'ஐ'. "ஒரு மாத்திரை" என்றால் ஏதோ ஒன்று. "ஒரு மாத்திரையை" என்றதும் கையில் இருக்கும் குறிப்பிட்ட ஒன்றாகிவிடுகிறது. ஓர் எழுத்துதான்.

3 மார்ச், காலை

கீழே ஒருவர், "சொல்லுக்குச் சொல் அல்ல, பொருளுக்குப் பொருள் என்று ஜெரோமே சொல்லிவிட்டாரே, இதில் புதிதாகப் பேச என்ன இருக்கிறது" என்று கேட்டிருக்கிறார். சொன்னார்தான். ஜெரோம், பைபிளை லத்தீனுக்கு மொழிபெயர்த்த பழங்காலத்துத் துறவி. கி.பி. 395 வாக்கில் பம்மாக்கியுஸ் என்பவருக்கு எழுதிய கடிதத்தில் சொன்னார். ஆனால் ஏன் எழுதினார் என்று பாருங்கள்: கிரேக்கக் கடிதம் ஒன்றை லத்தீனுக்கு மாற்றியபோது திரித்துவிட்டார் என்று அவர்மேல் குற்றம் சாட்டினார்கள். உங்கள்மேல் சொல்லும் அதே புகார். பதில் சொல்லும்போது அவர் ஒரு விலக்கும் வைத்தார், அதை எல்லோரும் விட்டுவிட்டு மேற்கோள் காட்டுகிறார்கள்: வேதாகமத்தில் சொற்களின் வரிசைகூட ஒரு மறைபொருள், அதனால் அதை மட்டும் தனியாக வைத்தார். ஆக, பொருளுக்குப் பொருள் என்ற விதியைச் சொன்னவரே, என்ன மாதிரி எழுத்து என்று பார்த்துத்தான் அதைப் பயன்படுத்தினார்.

நம்மிடமும் பழைய சொல் உண்டு. தொல்காப்பியம் மரபியலில் வழிநூலின், அதாவது முன்பே இருக்கும் நூலை ஒட்டி எழுதும் நூலின், வகைகளைச் சொல்லும் இடத்தில் "மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல்" என்று வரும். அதர் என்றால் வழி. மொழிபெயர்த்தால் மட்டும் போதாது, போய்ச்சேரும் மொழியின் வழியில் கட்டவும் வேண்டும் என்று நான் அதைப் படிக்கிறேன். யாத்தல் என்பது கட்டுதல். இந்த வேலையைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் பார்த்ததில்லை.

3 மார்ச், மாலை 6.20

"சரி, எப்படிப் பழகுவது, அதைச் சொல்லுங்கள்" என்கிறீர்கள். நான் செய்வது இது. ஒரு பத்தியை இரண்டு முறை படிப்பேன். மூடிவைத்துவிடுவேன். எதிரில் ஒருவர் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு வாயால் சொல்வேன், நிஜமாகவே சத்தமாக. திக்கினால் தமிழில் குறையென்று அர்த்தமில்லை, எனக்குப் பத்தி புரியவில்லை என்று அர்த்தம். சொன்னதை உடனே எழுதிவிடுவேன். ஆங்கில வரி கண்ணெதிரே இருக்கும்வரை கை அதன் அமைப்பைத்தான் பின்தொடரும், எவ்வளவு அனுபவம் இருந்தாலும். "ஒரு முக்கியப் பங்கு வகிக்கிறது", "என்பதைக் கருத்தில் கொண்டு" போன்றவை எல்லாம் அப்படி வந்து ஒட்டிக்கொள்பவை. மூடிவைத்துப் பேசினால் அவை வாயில் வரவே வராது.

5 மார்ச்

மூடிவைக்கும் முறையைப் பற்றி முந்தாநாள் எழுதியதில் பாதியைத் திருத்த வேண்டும். அதை மட்டும் வைத்துக்கொண்டு யாராவது ஆரம்பித்தால் ஆபத்து.

மூடிவைத்துச் சொல்லும்போது தமிழ் நன்றாக வரும், ஆனால் சின்னச் சின்ன விஷயங்கள் உதிர்ந்துவிடும். எண்கள், 'சில', 'பெரும்பாலும்', 'கூடும்'. எனக்கு உதிர்ந்தது ஒரு 'கூடும்'. ஆய்வில் சேருபவர்களுக்கான ஒப்புதல் படிவம் அது. மூலம், இந்த மருந்து வலியைக் குறைக்கலாம், குறைக்காமலும் போகலாம் என்று இரண்டு மனதாக எழுதியிருந்தது. என் கையில் அது "இந்த மருந்து வலியைக் குறைக்கும்" என்று ஆகிவிட்டது. வாசிக்க அருமையாக இருந்தது, இரண்டாவதாகச் சரிபார்த்தவர் பிடித்தார். அன்று அவர் பிடிக்கவில்லை என்றால், வலியோடு இருக்கும் ஒருவர் அந்த 'குறைக்கும்' என்ற சொல்லை நம்பிக் கையெழுத்துப் போட்டிருப்பார். இப்போதும் நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

அதனால் இரண்டு சுற்று. முதல் சுற்று மூடிவைத்து. இரண்டாவது சுற்று மூலத்தைத் திறந்து, விரல் வைத்து, மறுப்பு, எண், அளவு, நிச்சயம், யார் யாருக்கு என்ற ஐந்தை மட்டும் பார்ப்பது. அப்போது அழகைப் பார்க்கக்கூடாது. நான் இந்தச் சுற்றை முடிந்தால் மறுநாள்தான் செய்வேன், எழுதிய சூட்டில் செய்தால் நாம் நினைத்ததைத்தான் படிப்போம், எழுதியதைப் படிக்கமாட்டோம். ஐஎஸ்ஓ 17100 என்று மொழிபெயர்ப்புச் சேவைக்காக 2015இல் வந்த சர்வதேசத் தரநிலை இருக்கிறது, அதில் மொழிபெயர்த்தவர் அல்லாத இன்னொருவர் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது கட்டாயம். தனியாகப் பழகுபவருக்கு அந்த இன்னொருவர் கிடையாது, மறுநாளின் நீங்கள்தான் அவர்.

5 மார்ச், சற்று நேரம் கழித்து

மறுப்பு என்றேனே, அதில் ஒரு கண்ணிவெடி. ஆங்கிலத்தில் 'மே நாட்' என்று வந்தால் "கூடாது" என்றும் இருக்கலாம், "இல்லாமல் போகலாம்" என்றும் இருக்கலாம். "நோயாளி இதைக் குடிக்கக்கூடாது", "நோயாளி இதைக் குடிக்காமல் போகலாம்" என்ற இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம்! இலக்கணத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. யார் யாரிடம் பேசுகிறார், படித்த பிறகு அவர் என்ன செய்ய வேண்டும், இதைப் பார்த்தால்தான் தெரியும்.

தமிழிலும் உண்டு. "எல்லோரும் வரவில்லை." ஒருவருமே வரவில்லையா, சிலர் வரவில்லையா? பேச்சில் குரல் காட்டிக்கொடுக்கும், எழுத்தில் காட்டாது. "எல்லோருமே வரவில்லை" என்று ஒரு ஏகாரம் போட்டாலும் முழுக்கத் தீராது. நான் இப்போதெல்லாம் "ஒருவரும் வரவில்லை" அல்லது "சிலர் வரவில்லை" என்று உடைத்துவிடுகிறேன்.

8 மார்ச்

மரபுத்தொடர் பற்றிக் கேட்டவருக்கு. கடன் வாங்கிய தொடர் எல்லாமே தப்பு என்று நான் சொல்லவில்லை. 'முதலைக் கண்ணீர்' நம்மோடு கலந்துவிட்டது. 'பச்சைக்கொடி காட்டினார்' என்றால் யாருக்கும் ரயில் ஞாபகம்கூட வருவதில்லை. அவை வந்து தங்கிவிட்ட விருந்தாளிகள், வீட்டுக்காரர்களாகவே ஆகிவிட்டார்கள்.

வந்த இடத்தில் பொருள் மாறிப்போனவைதான் நம்மைக் கவிழ்ப்பவை. 'கறுப்பு ஆடு' அப்படி. ஆங்கிலத்தில் அது குடும்பத்தின் பெயரைக் கெடுத்த பிள்ளை, மற்றவர்களோடு ஒட்டாதவர். தமிழ்ச் செய்திகளில் 'துறைக்குள் இருக்கும் கறுப்பு ஆடு' என்றால் உள்ளேயே இருந்துகொண்டு காட்டிக்கொடுப்பவர். ஒரு கதையில் தன்னைத்தானே அப்படிச் சொல்லிக்கொள்கிறாள் ஒருத்தி. நேராகப் போட்டிருந்தால் துரோகியாகியிருப்பாள். நான் போட்டது: "எங்கள் வீட்டில் உருப்படாதது நான்தான்." அதில்கூட எனக்கு முழுத் திருப்தி இல்லை. அவளிடம் ஒரு பெருமிதமும் இருந்தது, 'உருப்படாதது' அதைக் கொஞ்சம் அமுக்குகிறது. இரண்டு நாள் யோசித்து 'நான்தான்' என்பதை முன்னால் கொண்டுவந்தேன்: "எங்கள் வீட்டில் நான்தான் உருப்படாதது." தலை நிமிர்ந்துவிட்டது.

இன்னொன்று, எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1956 நவம்பரில் மாஸ்கோவில் ஒரு வரவேற்பில் சோவியத் தலைவர் குருஷ்சேவ் மேற்கு நாடுகளின் தூதர்களைப் பார்த்துச் சொன்னதை, மொழிபெயர்ப்பாளர் விக்தர் சுகத்ரேவ் "உங்களைப் புதைப்போம்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். சொல் சரி. ரஷ்ய மொழியில் அந்தப் பேச்சுக்கு "உங்களுக்குப் பிறகும் நாங்கள் இருப்போம், உங்கள் சாவுக்கு வந்து நிற்போம்" என்ற தொனியும் உண்டு. கேட்டவர்களுக்கு அது கொலை மிரட்டலாகப் போனது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நின்ற இடத்தில், யோசிக்க நேரமில்லாமல், அதிகாரத்தில் இருப்பவரின் சொல்லை மென்மையாக்கவும் பயமாக இருக்கும். நமக்கு இரண்டு நாள் கிடைக்கிறது, அவருக்கு இரண்டு விநாடி.

9 மார்ச்

இதுவரை மூலத்தில் இருப்பதை இழப்பது பற்றித்தான் பேசினேன். மூலத்தில் இல்லாததைச் சொல்லியே ஆக வேண்டிய கட்டாயமும் ஒன்று இருக்கிறது. எனக்கு அதிகம் தூக்கம் கெட்டது அதனால்தான்.

ஆங்கிலத்தில் 'வீ' என்றால் முடிந்தது. தமிழில் நாமா, நாங்களா? கேட்பவரைச் சேர்த்தா, விட்டா? தெலுங்கிலும் இந்தக் கேள்வி உண்டு, இந்தோனேசிய மொழியிலும் கித்தா, கமி என்று இரண்டு உண்டு. ஒரு கடிதம் வந்தது மொழிபெயர்ப்புக்கு. உடன்பிறந்த ஒருவர் இன்னொருவருக்கு எழுதியது, அம்மா இறந்து சில வருடம் கழித்து. அதில் "வீட்டை விற்றோம்" என்று ஒரு வரி. "நாம் விற்றோம்" என்றால் கடிதத்தைப் படிப்பவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். "நாங்கள் விற்றோம்" என்றால் அவரைக் கேட்காமல் விற்றிருக்கிறார்கள், இந்தக் கடிதமே ஒரு மன்னிப்பு. மூன்று பக்கத்தில் எங்குமே பதில் இல்லை. 'பிரதர்' என்று வேறு விளித்திருந்தார், அண்ணனா தம்பியா தெரியாது.

தமிழில் நாம், நாங்கள் என்ற சொல்லையே விட்டுவிட்டு "வீட்டை விற்றாயிற்று" என்று நழுவலாம். முதலில் அதைத்தான் செய்தேன், கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன். பிறகு படித்துப் பார்த்தால் அந்த 'ஆயிற்று' ஒரு அலுப்பைச் சேர்த்திருந்தது, எழுதியவர் அலுத்துக்கொள்ளவில்லை. கடைசியில் அனுப்பியவரிடமே கேட்டேன். கேட்பது குறைவு இல்லை, தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதுவதுதான் குறைவு. பதில் வந்தது: நாங்கள், அண்ணன்.

12 மார்ச்

எதிர்த்திசையில், தமிழிலிருந்து போகிறவர்களுக்குச் சுருக்கமாக. நம் வினையில் முன்பாதி சொல்வது செய்தி, பின்பாதி சொல்வது மனசு. "உடைத்தான்", "உடைத்துவிட்டான்", "உடைத்துவைத்தான்", "உடைத்துத் தொலைத்தான்" எல்லாவற்றிலும் கண்ணாடி ஒரே மாதிரிதான் உடைந்திருக்கிறது. சொல்பவரின் முகம்தான் வேறு. ஆங்கிலத்தில் அந்தப் பின்பாதிக்கு வினையில் இடம் இல்லை, வேறெங்காவது வைக்க வேண்டும், ஒரு பெருமூச்சில், ஒரு அடைமொழியில், அல்லது அடுத்த வாக்கியத்தில். அதே மாதிரி 'ஆம்'. "வருகிறார்" என்றால் நான் பொறுப்பு, "வருகிறாராம்" என்றால் யாரோ சொன்னது, சில சமயம் நம்பாத குரலும் கூடவே. இதை விட்டுவிட்டால் வதந்தி செய்தியாகிவிடும்.

12 மார்ச், இரவு

வாக்கிய வரிசை பற்றி இரண்டு பேர் கேட்டுவிட்டீர்கள். தமிழில் காரணம் முன்னால், விளைவு பின்னால், வினை கடைசியில் என்பது பழக்கம்தான். அதற்காக ஆங்கிலத்தில் கடைசியில் வரும் காரணத்தை எப்போதும் தூக்கி முன்னால் வைத்துவிடாதீர்கள். "அவள் கதவைத் திறக்கவில்லை" என்று சொல்லிவிட்டு, அப்புறம்தான் காரணத்தைச் சொல்கிறார் ஒரு எழுத்தாளர். "தட்டியது அப்பா என்று தெரிந்ததால் அவள் கதவைத் திறக்கவில்லை" என்று மாற்றினால் இலக்கணம் சுத்தம், கதை போச்சு. "அவள் கதவைத் திறக்கவில்லை. தட்டியது அப்பா." அவ்வளவுதான். இதற்கு 'ஏனென்றால்' கூட வேண்டாம். வாசகருக்கு எது எப்போது தெரிய வேண்டும் என்பதும் பொருளில் ஒரு பகுதி.

நீளமான பெயரெச்ச வரிகளுக்கும் இதே மருந்துதான். வெட்டுங்கள்.

15 மார்ச்

"மறுபடி ஆங்கிலத்துக்கு மாற்றிப் பார்த்தால் சரியா தப்பா என்று தெரிந்துவிடுமே" என்று ஒரு யோசனை. தெரியும், ஒரு பங்கு. விடுபட்டது, எண் மாறியது எல்லாம் மாட்டிக்கொள்ளும். ஆனால் சொல்லுக்குச் சொல் வைத்த மோசமான மொழிபெயர்ப்புதான் திரும்பப் போகும்போது மிக அழகாக மூலத்தைப் போலவே வரும். என் "ஒரு மாத்திரையை இரண்டு முறை" அப்பழுக்கில்லாமல் திரும்பிப் போயிருக்கும்.

அதைவிட, மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்து "இதைப் படித்துவிட்டு என்ன செய்வீர்கள்" என்று கேளுங்கள். "புரிகிறதா" என்று கேட்காதீர்கள், எல்லோரும் புரிகிறது என்றுதான் சொல்வார்கள், மரியாதைக்காக.

புரிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டதால் நடந்தது ஒன்று இருக்கிறது. 1980, அமெரிக்காவின் ஃபுளோரிடா. நினைவில்லாமல் ஒரு 18 வயது இளைஞரை மருத்துவமனைக்குக் கொண்டுவருகிறார்கள். கியூபா ஸ்பானியம் பேசும் குடும்பம், 'இன்டொக்சிகாதோ' என்கிறது. சாப்பிட்டது ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்ற அர்த்தத்தில். ஆங்கிலத்தில் அதே சாயலில் இருக்கும் சொல்லுக்குப் போதை என்று பொருள். போதைமருந்து என்று நினைத்து அதற்கே சிகிச்சை நடந்தது. மூளையில் ரத்தக்கசிவு என்று தெரியவந்தபோது நேரம் தாண்டிவிட்டது, கைகால்கள் செயலிழந்தன. ஏறத்தாழ 7.1 கோடி டாலர் இழப்பீடு. தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் யாரையும் அழைக்கவில்லை, தேவை என்று யாருக்கும் தோன்றவே இல்லை. ஒரே மாதிரி ஒலிக்கும் சொல்லைப் பார்த்தால் நான் இன்றைக்கும் ஒரு நிமிடம் நிற்பது இதனால்தான்.

16 மார்ச்

அகராதி: ஆங்கிலம்–தமிழ் அகராதியில் தேடிக் கிடைத்த சொல்லை அப்படியே எடுக்காதீர்கள். அதைத் திரும்பத் தமிழ்–தமிழில் பாருங்கள், எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி (முதல் பதிப்பு 1992) இதற்கு நல்லது, சொல் எந்தச் சொல்லோடு சேர்ந்து வாழ்கிறது என்று காட்டும். இயந்திர மொழிபெயர்ப்பு பற்றிக் கேட்டதற்கு: இப்போது வழுவழுப்பாகத்தான் வருகிறது, பிழையும் அதே வழுவழுப்போடு வருகிறது. ஐந்தாம் தேதிக் குறிப்பில் இருக்கும் இரண்டாவது சுற்றை அதற்குக் கட்டாயம் ஓட்டுங்கள்.

19 மார்ச்

கேள்வி கேட்டவர் தான் மாட்டிக்கொண்டிருக்கும் வரியை அனுப்பியிருக்கிறார். ஒரு நாவலில் அண்ணனைப் பற்றித் தம்பி சொல்வது (இங்கே அண்ணன் என்பது உறுதி என்கிறார், நல்லது). அவர் முதலில் எழுதியது: "அவன் பொய் சொல்லவில்லை என்றுதான் சொல்வேன்." சரளமாக இருக்கிறது, ஆனால் மூலம் இதைச் சொல்லவில்லை. மூலத்தில் தம்பி, பொய் என்ற சொல்லைத் தன் வாயால் சொல்ல மறுக்கிறான், அவ்வளவுதான். அண்ணன் யோக்கியன் என்று சான்றிதழ் கொடுக்கவில்லை. "அவன் பொய் சொன்னான் என்று சொல்லமாட்டேன்." மறுப்பு எங்கே உட்காருகிறது என்று பாருங்கள், 'சொன்னான்' மேல் இல்லை, 'சொல்வேன்' மேல். தமிழ் இதை அலுங்காமல் தாங்குகிறது. ஒட்டி எழுதினாலும் இயல்பாக வரும் இடங்கள் உண்டு, அங்கே சுற்றி வளைக்க வேண்டாம்.

அடுத்த வரியையும் அனுப்புங்கள், அதைப் பார்க்காமல் இதை முடிக்க முடியாது.

19 மார்ச், இரவு 11.05

வந்துவிட்டது. அடுத்த வரியின் பொருள்: ஆனால் அவன் நம்பவிட்டான், 'வீ' நம்பினோம். ஆக, மறுபடி அதே வாசல். "நாங்கள் நம்பினோம்" என்றால் கேட்பவர் வெளியாள், வீட்டுக் கதையைச் சொல்கிறான். "நாம் நம்பினோம்" என்றால் கேட்பவரும் ஏமாந்தவர்தான். யாரிடம் பேசுகிறான் என்று முந்தைய பக்கத்தைப் பாருங்கள்.

20 மார்ச்

பார்த்துவிட்டார். கேட்பவள் உடன்பிறந்தவள், அதே வீட்டில் வளர்ந்தவள். அப்படியென்றால் நாம்தான். "அவன் பொய் சொன்னான் என்று சொல்லமாட்டேன். ஆனால் நம்பவிட்டான். நாமும் நம்பினோம்." 'உம்' நான் சேர்த்தது, மூலத்தில் இருக்கிறதா என்று இன்றிரவு மறுபடி பார்க்க வேண்டும், இல்லையென்றால் எடுத்துவிடுவேன்.

ஒன்று பாக்கி. 'அவன்' என்று தம்பி அண்ணனைச் சொல்வானா, 'அவர்' என்பானா? இத்தனை கோபத்தில் 'அவன்' வரலாம், ஆனால் நாற்பது பக்கம் முன்னால் அவன் என்ன சொல்லி அழைத்தான் என்று நீங்கள் போட்டிருக்கிறீர்களோ அதிலிருந்துதான் இது இறங்கிவர வேண்டும். அங்கே 'அவர்' இருந்தால் இங்கே முதல்முறையாக 'அவன்' ஆகட்டும், படிப்பவருக்கு உறைக்கும். ஆங்கிலத்தில் இந்தச் சாய்வுக்கு இடமே இல்லை, அதனால் இது கூட்டல் என்று யாராவது சொல்லலாம். தமிழில் ஏதோ ஒன்றைப் போட்டுத்தான் ஆக வேண்டும், அதனால் காட்சிக்குப் பொருந்துவதைப் போடுவோம். அந்த நாற்பது பக்கத்தையும் அனுப்பிவையுங்கள், சனிக்கிழமை உட்கார்ந்து பார்க்கிறேன்.